சேலத்தில் ஒரு கழித்தல் கணக்கு: கன அயனிகளை எண்ணிய அனுபவம்

அணுக்கரு வினையின் குறுக்குவெட்டை, அதாவது மோதும் அயனி உடைவதற்கான வாய்ப்பின் அளவை, அளப்பது அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்குதான். இலக்கின் மேல் எத்தனை அயனிகள் வந்து விழுந்தன, மறுபக்கம் எத்தனை உடையாமல் வெளியே வந்தன என்று எண்ண வேண்டும். உள்ளே போன எண்ணை வெளியே வந்த எண்ணால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, இலக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்ற எண்ணால் மறுபடி வகுத்தால் விடை வந்துவிடும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் உடைந்த துண்டுகளைத்தான் ஆசையோடு பார்ப்பார்கள். சிலிக்கான் உடைந்து மெக்னீசியம் வந்ததா, ஆக்சிஜன் வந்ததா என்று. என் வேலை மேசையில் நேரத்தைத் தின்றது என்னவோ உடையாத அயனிகள்தான். உடையாமல் தப்பி வந்த ஒரு அயனியை நாம் பார்க்கத் தவறினால், கணக்கில் அது உடைந்ததாகப் பதிவாகிவிடும். இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நான் எழுதப்போகும் எல்லாமே இருக்கிறது.

முதலில் எங்கள் சூழல். சேலத்தில் ஒரு கல்லூரியின் சிறிய ஆய்வகம். முடுக்கி கிடையாது. நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள ஒவ்வொரு புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும்) சில நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சிலிக்கான் கற்றை தரும் முடுக்கி நம் நாட்டிலேயே இல்லை. ஜப்பானில் சீபாவில் உள்ள ஹைமாக் முடுக்கி புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கட்டப்பட்டது. 1994 முதல் நோயாளிகளுக்குக் கார்பன் கற்றை கொடுத்துவருகிறார்கள். பகலில் சிகிச்சை, இரவிலும் வார இறுதியிலும் ஆராய்ச்சி. அப்படி ஓர் இரவு நேரத்தில், கூட்டு ஆய்வுக் குழுவின் வழியாக, எங்கள் அடுக்குகளுக்கு நியூக்ளியானுக்கு ஏறத்தாழ 500 மெகா எலக்ட்ரான் வோல்ட் சிலிக்கான் கற்றை கிடைத்தது. அடுக்கு என்றால் முன்னால் இரண்டு சி.ஆர்.-39 தட்டு, நடுவில் இலக்கு, பின்னால் இரண்டு சி.ஆர்.-39 தட்டு. அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், பார்சலில் அனுப்பலாம், பார்சலில் திரும்பி வரும். மீதி வேலை எல்லாம் சேலத்தில்.

சி.ஆர்.-39 என்பது மூக்குக் கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் பிளாஸ்டிக். கன அயனி அதன் வழியே போகும்போது பாதை நெடுக மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு போகிறது. அப்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டால், அறுபட்ட இடம் மற்ற இடத்தைவிட வேகமாகக் கரைந்து கூம்புக் குழியாகத் திறக்கும். அயனியின் மின்னூட்டம் கூடக்கூடக் குழி பெரிதாகும். நுண்ணோக்கியில் அதன் பரப்பை அளந்தால் எந்தத் தனிமம் போனது என்று சொல்லிவிடலாம்.

இதை ஏன் அளக்க வேண்டும் என்று முதுகலை மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கார்பன் கற்றையை நியூக்ளியானுக்கு 400 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தண்ணீருக்குள் செலுத்தினால் சுமார் 27 சென்டிமீட்டர் ஆழம் போய் நிற்கும். அதற்குள் 70 விழுக்காடு அயனிகள் வழியிலேயே உடைந்துவிடுகின்றன. உடலுக்குள்ளும் ஏறக்குறைய அதே கதைதான். உடைந்த லேசான துண்டுகள் கட்டியைத் தாண்டியும் போகும். சிகிச்சைத் திட்டம் போடுகிறவருக்கு அந்த எண் தெரியாமல் முடியாது. இன்னொன்று விண்வெளி. அண்டக் கதிர்களில் இருக்கும் போரானை விண்மீன்கள் சமைப்பதில்லை. கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜனில் மோதி உடைந்ததால் வந்தது அது. போரானுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் அண்டக் கதிர் எவ்வளவு பொருளைக் கடந்து வந்தது என்று கணிக்கிறார்கள். விண்ணில் விகிதத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், இங்கே குறுக்குவெட்டு சரியில்லை என்றால் கணிப்பு தள்ளாடும்.

கழித்தல் கணக்கின் பெருமைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், 1985இல் ஜப்பானிய இயற்பியலாளர் இசாவோ தனிஹாதாவும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பெர்க்லியின் பெவலாக் முடுக்கியில் செய்த சோதனை. லித்தியத்தின் ஐசோடோப்புகளை நியூக்ளியானுக்கு 790 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கார்பன் இலக்கின் மேல் விட்டார்கள். இலக்குக்கு முன் ஒவ்வோர் அயனியையும் அடையாளம் கண்டு எண்ணினார்கள். பின்னால் மாறாமல் வந்ததை மறுபடி எண்ணினார்கள். இலக்கை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையை இன்னொரு முறை செய்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். லித்தியம்-9க்கு சுமார் 800 மில்லிபார்ன் (பார்ன் என்பது குறுக்குவெட்டின் அலகு). லித்தியம்-11க்கு ஆயிரத்தைத் தாண்டியது. இரண்டே நியூட்ரான் கூடுதல், குறுக்குவெட்டோ கால்பங்குக்கும் மேல் கூடுதல். வெளி நியூட்ரான்கள் இரண்டும் உட்கருவை விட்டு வெகுதூரம் பரவி நிற்கின்றன என்ற ஒளிவட்ட அணுக்கரு பற்றிய புரிதலுக்கு அதுதான் தொடக்கம். எண்ணிக்கையில் அலட்சியம் இருந்திருந்தால் அந்த வித்தியாசத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சரி, எங்கள் எண்களுக்கு வருவோம். எதிர்பார்ப்புக்கு நான் முதலில் போட்டுப் பார்ப்பது பிராட்-பீட்டர்ஸ் வாய்பாடு. 1950இல் பலூனில் அனுப்பிய ஒளிப்படக் குழம்புத் தட்டுகளை வைத்து வந்தது. அந்தப் பெர்னார்ட் பீட்டர்ஸ் அதன்பிறகு மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லத் தவறுவதில்லை. நுண்ணோக்கியும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு அணுக்கரு இயற்பியல் செய்யும் மரபு இந்த நாட்டுக்குப் புதிதில்லை.

அந்த வாய்பாட்டின்படி சிலிக்கானும் அலுமினியமும் மோதினால் குறுக்குவெட்டு ஏறத்தாழ 1.55 பார்ன். 1 சென்டிமீட்டர் அலுமினியத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 6-இன் பக்கத்தில் 22 பூஜ்யம் போட்ட அளவு அணுக்கள். பெருக்கினால், நூறு சிலிக்கான் போனால் அவற்றில் ஒன்பது உடைந்து மின்னூட்டத்தை இழக்கும். தட்டில் 20,000 தடங்களைப் பின்தொடர்ந்தால் 1,800 வினைகள். புள்ளியியல் பிழை ஏறத்தாழ 40, அதாவது 2.2 விழுக்காடு. பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது பின்தட்டில் நூற்றுக்கு அரை வீதம், அதாவது 20,000இல் 100 சிலிக்கான் தடங்களைக் கண்டுபிடிக்காமல் விட்டோம் என்று வையுங்கள். அந்த 100ம் உடைந்தவையாகக் கணக்கில் ஏறும். 1,800, 1,900 ஆகிவிடும். அரை விழுக்காடு கவனக்குறைவு விடையில் ஐந்தரை விழுக்காடாக வந்து நிற்கிறது. புள்ளியியல் பிழையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அதனால் முதல் வேலை, தப்பி வந்த அயனி தொலையாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் தட்டு 4 சென்டிமீட்டர் சதுரம். முன்தட்டுக்கும் பின்தட்டுக்கும் 0.2 மில்லிமீட்டர் நகர்ச்சி இருந்தால் ஓரத்தில் 0.5 விழுக்காடு தடங்கள் பின்தட்டுக்கு வெளியே போய்விடும். மேலே சொன்ன அந்த ஐந்தரை விழுக்காடு அப்படியே வந்துவிடும். இதற்கு வைத்தியம் சுலபம்: பின்தட்டை முன்தட்டைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும், முன்னால் எண்ணும் பரப்பை ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறையும், குறையட்டும். தட்டுகளின் மூலையில் மெல்லிய துரப்பணத்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துளையாகப் போட்டுவிட்டால் பிற்பாடு பொருத்துவதும் எளிது.

கற்றையின் அடர்த்தியும் இதே கதைதான். முடுக்கிக்காரர்கள் தாராள மனம் படைத்தவர்கள். கேட்டால் அள்ளித் தருவார்கள். எங்கள் குழிகளின் விட்டம் 30 மைக்ரான் போல வரும். சதுர சென்டிமீட்டருக்கு 1,250 அயனி என்றால், ஒரு குழியின் மேல் இன்னொன்று ஏறி நிற்கும் வாய்ப்பு மூன்றரை விழுக்காடு. 5,000 என்றால் 13 விழுக்காடு. ஒட்டிக்கொண்ட இரண்டு குழிகளை மென்பொருள் ஒரு பெரிய குழி என்று படிக்கும், அல்லது இரண்டையும் தூக்கி எறியும். எது செய்தாலும் முன்தட்டிலும் பின்தட்டிலும் ஒரே விதி இருக்க வேண்டும். எங்கள் விதி: முன்தட்டில் 60 மைக்ரானுக்குள் பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தத் தடத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இனி எட்சிங், அதாவது தட்டைக் கரைசலில் ஊறப்போட்டுக் குழிகளைத் திறக்கும் வேலை. 6 நார்மல் காஸ்டிக் சோடா, 70 டிகிரி, 30 மணி நேரம். லிட்டருக்கு 240 கிராம். உருண்டைகளைப் புட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் நிறுக்க வேண்டும். காற்றில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் போடும்போது கரைசல் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணுக்குக் கவசம் இல்லாமல் யாரையும் அந்த மேசைக்குப் பக்கத்தில் விடுவதில்லை. புது மாணவர்கள் அலுமினியப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. இரும்பாலை இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமா?

70 டிகிரியில் தட்டின் ஒவ்வொரு முகமும் மணிக்கு ஏறத்தாழ 1.2 மைக்ரான் கரைகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் இந்த வேகம் எட்டு விழுக்காடு போலக் கூடும். குழியின் அளவும் அதோடு போகும். எனவே தொட்டியில் கரண்டியாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்; மேலே சூடு கீழே ஆறல் என்று இருந்தால் ஒரே தட்டின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வெவ்வேறு தனிமம் தெரியும். மூடி போடாவிட்டால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்படும். சேலத்து ஏப்ரலில், மூடி போட்டும்கூட, மட்டக்கோடு பார்த்து வாலைவடிநீர் சேர்க்க வேண்டிவரும். 30 மணி நேரம் தொடர்ச்சியாக மின்சாரம் வேண்டும் என்பதால், நாளிதழில் வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்க்காமல் நாங்கள் தொட்டியை ஏற்றுவதே இல்லை. இத்தனைக்குப் பிறகும் நான் முழுதாக நம்புவது வெப்பமானியை அல்ல, தட்டையேதான். ஒவ்வொரு முகத்திலும் உடையாத சிலிக்கான் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதன் குழிப் பரப்பின் உச்சி எங்கே விழுகிறதோ அதைச் சிலிக்கானின் மின்னூட்டமான 14 என்று வைத்து அந்த முகத்துக்கு அளவுகோல் போட்டுக்கொள்ளலாம். ஒரே அடுக்கின் எல்லாத் தட்டுகளையும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில் போடுவது இதற்கு அவசியம்.

அப்புறம் ஸ்கேனிங். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் குழி கறுப்பு வட்டமாகத் தெரியும், நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. குவியத்தை மெல்லத் திருகினால் வட்டம் சுருங்கிக்கொண்டே போய்க் கூம்பின் முனையில் ஒரு புள்ளியாக முடியும். சிலிக்கான் குழிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவற்றுக்கு நடுவே சின்னதாக, விளிம்பு மங்கலாக ஒன்று நிற்கும். அது கார்பனாக இருக்கலாம், போரானாக இருக்கலாம், தட்டின் மேலுள்ள கீறலாகவும் இருக்கலாம். மென்பொருள் சிலிக்கானைக் கிட்டத்தட்டத் தவறாமல் பிடித்துவிடும். சின்னத் துண்டுகளில்தான் கோட்டைவிடும். அதனால் ஒரே பரப்பை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல், கண்ணால் ஸ்கேன் செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு தட்டில் சின்னத் துண்டுகளாக நான் பிடித்தது 412. என்னோடு வேலை செய்யும் மாணவி பிடித்தது 398. இருவர் பட்டியலிலும் இருந்தவை 371. அவள் கண்ட 398இல் நான் 371ஐக் கண்டிருக்கிறேன் என்றால் என் திறன் 93 விழுக்காடு. அதேபோல அவளுடையது 90. உண்மையில் இருந்திருக்க வேண்டியது 412ஐயும் 398ஐயும் பெருக்கி 371ஆல் வகுத்தால் 442. இருவரும் சேர்ந்து பார்த்தவை 439. ஆக, இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பியவை மூன்றே மூன்று. எண்ணாததை எண்ணிச் சொல்லும் இந்தக் கணக்கை முதன்முதலில் காட்டும்போது மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நான் தவறவிடுவதும் அவள் தவறவிடுவதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் இது செல்லும். மங்கலான போரான் தடம் இருவருக்குமே கஷ்டம். அப்படிப்பட்டவை மூன்றுக்கு மேல் இருக்கும். ஆகவே திறனை மொத்தமாகப் போடாமல், குழியின் அளவு வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

நேரம் வாரியாகவும்தான். அந்த மாணவி ஏற்காட்டுப் பெண். காப்பித் தோட்டத்துப் பக்கம் வீடு. தினமும் காலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவாள். திறன் கணக்கை அரைமணிக்கு ஒரு தடவை பிரித்துப் போட்டதில் அவளுடைய முதல் அரைமணி மட்டும் தனியாகக் கீழே கிடந்தது.

“பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் ஐபீஸ்ல கண்ணை வெச்சா தட்டே சுத்துதுக்கா” என்றாள்.

அன்றிலிருந்து முதல் அரைமணி அவள் பதிவேடு எழுதுவாள், பிறகுதான் நுண்ணோக்கி. என்னுடையதில் சாப்பாட்டுக்குப் பிந்தைய முக்கால்மணி அதே மாதிரி கிடந்தது, அதையும் மாற்றிக்கொண்டோம். ஸ்கேன் செய்பவர் பெயரோடு நேரத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்வது இதனால்தான். ஆளைக் குறை சொல்ல இல்லை.

இலக்கின் தடிமனுக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் சேலம் எங்களுக்குக் கைகொடுத்தது. கனமான இலக்காக வெள்ளி வேண்டும் என்று முடிவானதும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். மூன்று மில்லிமீட்டர் தகடு, சுமார் 80 கிராம். இயற்பியல் துறை எதற்கு வெள்ளி வாங்குகிறது என்று கணக்குப் பிரிவில் கேட்ட கேள்விகள் தனிக் கதை.

“எத்தனை டச் வேணும் கண்ணு? கொலுசுக்குப் போடறதுல செம்பு கலந்திருக்கும்” என்றார். கலப்பில்லாத கட்டி வெள்ளிதான் வேண்டும் என்றேன். செம்பு கலந்தால் அணு எண்ணிக்கையும் மாறும், குறுக்குவெட்டும் மாறும்.

ரோலிங் மிஷினில் தகட்டை ஏற்றி இறக்கிவிட்டு அவரே சொன்னார்: “எல்லா எடமும் ஒரே கனமா இருக்கும்னு நெனைச்சுக்காத. ரோலர் நடுவுல லேசா வளைஞ்சு குடுக்கும். அதனால நடு தடிச்சு, ஓரம் மெலிஞ்சுதான் நிக்கும்.”

இந்த ஒரு பேச்சுக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாங்கள் வழக்கமாகச் செய்வது தகட்டை நிறுத்து, பரப்பால் வகுத்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுவது. அது முழுத் தகட்டுக்குமான சராசரி. நாம் எண்ணுவதோ, ஓரத்தைத் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை. நடு சராசரியைவிட ஒரு விழுக்காடு தடிப்பாக இருந்தால் குறுக்குவெட்டு ஒரு விழுக்காடு கூடுதலாக வரும். எத்தனை லட்சம் தடம் எண்ணினாலும் அது குறையாது. ஆகவே ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டு, முனை உருண்டையாக உள்ள மைக்ரோமீட்டரால் தடிமன் வரைபடம் எடுத்தோம். தட்டை முனை மேட்டை மட்டும்தான் தொடும், பள்ளத்தைக் காட்டாது. பிறகு அந்த வரைபடத்தின் மொத்தம் தராசு காட்டும் எடைக்குப் பொருந்தும்படி சரிசெய்தோம். அலுமினியத் தகட்டுக்கும் இதையே செய்தோம். தராசும் வேண்டும், மைக்ரோமீட்டரும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகாது.

இலக்கில்லாத அடுக்கு ஒன்றையும் கட்டாயம் அனுப்ப வேண்டும். தட்டுகளே இலக்குதான். 0.7 மில்லிமீட்டர் சி.ஆர்.-39 தட்டு இரண்டைக் கடப்பதற்குள் சிலிக்கானில் 1.2 விழுக்காடு உடைந்துவிடும். அலுமினியத்தின் ஒன்பதோடு ஒப்பிட்டால் சின்னது. மூன்று மில்லிமீட்டர் வெள்ளியில் எதிர்பார்ப்பது ஐந்துக்கும் குறைவு. அங்கே அது கால்பங்கு. ஒரு நன்மையும் இருக்கிறது. ஸ்கேனிங்கில் எப்போதும் தவறவிடும் அந்தச் சிறு வீதம் இலக்கு உள்ள அடுக்கிலும் இல்லாத அடுக்கிலும் ஒரே மாதிரி இருந்தால், விகிதம் எடுக்கும்போது அடிபட்டுப் போகும். தனிஹாதா குழு இலக்கை எடுத்துவிட்டு எண்ணியதும் இதற்காகத்தான்.

பார்சல் வந்து தட்டுகள் அலமாரியில் காத்திருக்கும் காலத்தில் காற்றிலுள்ள ரேடான் வாயு உமிழும் ஆல்ஃபா துகள்கள் வேறு பதிந்துகொண்டே இருக்கும். காற்றுப் புகாத அலுமினிய உறையில் வைத்தால் பெரிதும் குறையும். மீறி வந்தவை மேல்முகத்தில் மட்டும்தான் இருக்கும், பெரும்பாலும் சாய்ந்து நீண்டிருக்கும். தட்டைத் துளைத்து அடுத்த முகத்துக்குப் போகாது. பின்தட்டு இரண்டின் நான்கு முகத்திலும் நேர்கோட்டில் தொடரும் தடத்தை மட்டுமே ஏற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

நான்கு முகத்துக்கு இன்னொரு பயன். ஒரு முகத்தில் மின்னூட்டத்தை 0.4 அலகுத் துல்லியத்தில் அளக்க முடிந்தால், நான்கின் சராசரியில் 0.2 ஆகிவிடும். 0.4இல் அடுத்தடுத்த தனிமங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும், 0.2இல் ஒவ்வொன்றும் தனித்தனி உச்சியாக நிற்கும். அந்த வரைபடம் முதலில் திரையில் வந்தபோது இரட்டை எண் தனிமங்கள் ஓங்கியும் ஒற்றை எண்கள் தாழ்ந்தும் நின்றதைப் பார்த்தோம். 9ஆம் இடத்தில், ஃபுளோரினில், நல்ல பள்ளம். சிலிக்கான் உடைவதில் ஃபுளோரின் குறைவாக வருவது முன்பே அளந்து அறிந்த சங்கதிதான். ஆனாலும் நம் தொட்டியில், நம் தட்டில் அந்தப் பள்ளம் வந்து நிற்பதைப் பார்ப்பது வேறு. அளவுகோல் ஒரு எண் தள்ளிப் போயிருந்தால் பள்ளம் 8இலோ 10இலோ விழுந்திருக்கும். ஆகவே அது இலவசமாகக் கிடைத்த சரிபார்ப்பும்கூட.

அண்டக் கதிருக்கு வேண்டியது ஹைட்ரஜன் இலக்கு. திரவ ஹைட்ரஜன் எங்களுக்கு எட்டாத சரக்கு. எல்லோரும் செய்வதுபோல பாலித்தீனில் ஒரு தடவை, கார்பனில் ஒரு தடவை அளந்து, கழித்து, பாலித்தீனில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் இரண்டால் வகுப்பதுதான் வழி. இங்கே கழித்தல் கணக்கு தன் வேலையைக் காட்டும். உதாரணத்துக்கு, பாலித்தீனுக்கு 2 பார்ன், கார்பனுக்கு 1.16 பார்ன், இரண்டிலும் பிழை 0.03 என்று வையுங்கள். ஹைட்ரஜனுக்கு 0.42. அதன் பிழை 0.02க்கும் சற்று மேல். உள்ளே போனது ஒன்றரையும் இரண்டரையும் விழுக்காடு, வெளியே வந்தது ஐந்து. தனித்தனித் துண்டுகளுக்கு, குறிப்பாக ஃபுளோரின் போல எண்ணிக்கை குறைந்தவற்றுக்கு, இன்னும் மோசமாகும். ஒரு ஆறுதல்: பாலித்தீன் அடுக்கையும் கார்பன் அடுக்கையும் ஒரே தொட்டியில் எட்ச் செய்து, அதே இருவர், அதே நேர அட்டவணையில் ஸ்கேன் செய்தால் பொதுப் பிழைகளில் ஒரு பகுதி கழிந்துபோகும். இரண்டையும் இரண்டு பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தால் அந்த ஆறுதலும் போய்விடும்.

அடுத்த கற்றை நேரத்துக்கான விண்ணப்பம் எழுதும்போது, 20,000 தடத்தை 80,000 ஆக்கினால் என்ன என்று துறையில் கேட்டார்கள். புள்ளியியல் பிழை 2.2இலிருந்து 1.1 ஆகும், உண்மை. ஆனால் அதே பரப்பில் போட்டால் அடர்த்தி 5,000 ஆகிக் குழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஸ்கேனிங் நான்கு மடங்காகும். தொலைந்துபோகும் அரை விழுக்காடு மட்டும் அரை விழுக்காடாகவே இருக்கும். அதனால் கூடுதல் கற்றை கேட்கவில்லை. இலக்கில்லாத அடுக்கு இன்னொன்றை வைக்க இடம் மட்டும் கேட்டிருக்கிறோம்.